ஹைட்ரோஜெல்: நீர்க்களி

ஹைட்ரோஜெல் என்பது நிறைய நீரைத் தாங்கி நிற்கும் களி; புண்ணை ஈரமாக மூடப் பயன்படுவது. ‘ஹைட்ரோ’ என்பது நீரைக் குறிக்கும் கிரேக்க வேர். ‘ஜெல்’ என்பது ஜெலட்டினின் குறுக்கம்; அதன் மூலம், உறைதலைக் குறிக்கும் லத்தீன் வினை. ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் 1860களில் ‘ஜெல்’லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஹைட்ரஜன் வாயுவுக்கு இதில் வேலையே இல்லை. ‘ஹைட்ரஜன் கூழ்’ என்று எழுதுவது பிழை.

‘நீர்க்கூழ்மம்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். நுண்துகள்கள் கலந்து நிற்கும் பாலும் மையும்கூடக் கூழ்மம்தான், அவை ஓடும். ஹைட்ரோஜெல் ஓடாது, வெட்டினால் வெட்டிய வடிவில் நிற்கும். ஆகவே ‘நீர்க்களி’யே பொருந்தும். கூழைக் குடிக்கிறோம், களியை உருட்டுகிறோம். கேழ்வரகு தின்று வளர்ந்த வேலூர், ஆற்காட்டுப் பக்கத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

களியாக நிறுத்துவது, நீண்ட மூலக்கூறுத் தொடர்கள், இங்கே சர்க்கரைத் தொடர்கள், ஒன்றோடொன்று பிணைந்து உண்டாகும் வலை. பழத்தோல் பெக்டின், கொத்தவரை விதையிலிருந்து வரும் குவார் பிசின், புளியங்கொட்டை மாவு எல்லாம் இதற்கு உதவும். அதிகம் பயன்படும் ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருவது. அதைச் செடி என்பது கண்டிப்பாகப் பார்த்தால் சரியல்ல.

ஆய்வகத்தில் 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரைக் கலக்கியபடியே 2 கிராம் சோடியம் ஆல்ஜினேட்டைத் தூவ வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டிவிடும். குமிழி அடங்க ஓரிரவு வைத்து, மெல்லிய படலமாக ஊற்றி, மேலே 2% கால்சியம் குளோரைடு கரைசல் விட வேண்டும். கால்சியம்தான் தொடர்களைப் பிணைக்கிறது. படலம் தடித்தால் மேல்தோல் சட்டென்று இறுகி, கால்சியத்தை உள்ளே விடாது. நடுப்பகுதி நீர்மமாகவே கிடக்கும். கால்சியம் மிஞ்சினால் களி சுருங்கி நீரைக் கக்கும். கிருமி நீக்கப் பயன்படும் ஆட்டோகிளேவும் (அழுத்த நீராவிக் கலன்) காமாக் கதிரும் தொடர்களை அறுப்பதால், கிருமி நீக்கியபின் பிசுக்குமையை (ஓடாமல் தடுக்கும் தடிப்பை) மறுபடி அளக்காமல் நம்பக் கூடாது.

ஈரமாக மூடிய புண்ணில் புதுத்தோல் விரைவாகப் படர்வதை ஆய்வாளர் ஜார்ஜ் வின்டர் 1962இல் பன்றிகளிடம் காட்டினார். நீர்க்களி உலர்ந்த புண்ணுக்கு உரியது. நீர் வடியும் புண்ணில் வைத்தால் விளிம்பு வெளுத்து ஊறிப்போகும். ரத்த ஓட்டமில்லாத காலின் காய்ந்த கருப்புத் திசுவை மருத்துவர் சொல்லாமல் நனைக்கவே கூடாது. மேலே படலமிட்டு மூடாவிட்டால் வேலூர்க் கோடையில் களி காய்ந்து புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். முற்றத்துச் சோற்றுக்கற்றாழையின் சோறும் நீர் தாங்கும்தான். ஆனால் அதில் கிருமி நீக்கமில்லை, மஞ்சள் பாலும் கலந்து எரிச்சல் தரும்.

உணர்ச்சியற்ற பாதத்தில் அழுத்தம்தான் புண்ணை வளர்க்கிறது என்பதைத் தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் இதே வேலூரில் காட்டினார். நீரிழிவில் மரத்த பாதத்துக்கும் இது பொருந்தும். எந்தக் களியைப் பூசினாலும், அந்தக் காலை ஊன்றி நடந்துகொண்டிருந்தால் புண் ஆறாது.