ஸ்பெயினில் தொழில் தொடங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

ஸ்பெயினில் நிறுவனம் தொடங்க விரும்பி ஆலோசனை கேட்டு வருவோரிடம், எந்தத் தொழில், எவ்வளவு முதலீடு என்பவற்றுக்கு முன்பாக, நாட்டின் எந்தப் பகுதியில் தொடங்கப் போகிறீர்கள் என்றுதான் நான் கேட்பது வழக்கம். பெரும்பாலானோர் அதற்கு விடை யோசித்து வைத்திருப்பதில்லை. மாட்ரிட்டில் உள்ள மத்திய அரசின் சட்டங்களைப் படித்துவிட்டால் போதும், மற்றவை எல்லா ஊரிலும் ஒன்றாகவே இருக்கும் என்று கருதுகிறார்கள். இந்த எண்ணத்தால் செலவும் காலமும் வீணாவதைத் தொடர்ந்து பார்த்து வருவதால்தான் இதை எழுதுகிறேன்.

1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குப் பின், 1975இல் இறக்கும்வரை சர்வாதிகாரி பிராங்கோ நடத்திய ஆட்சியில் அதிகாரம் முழுவதும் மாட்ரிட்டில் குவிந்திருந்தது. கட்டலான், பாஸ்க், கலீசிய மொழிகள் பொதுவாழ்விலிருந்து ஒதுக்கப்பட்டன. அந்த அனுபவத்துக்கு விடையாக எழுந்த 1978ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம், நாட்டின் பிரிக்க முடியாத ஒற்றுமையையும் பகுதிகளின் தன்னாட்சி உரிமையையும் ஒரே பிரிவில் அருகருகே வைத்தது. இன்று ஸ்பெயினில் 17 தன்னாட்சிப் பகுதிகளும், ஆப்பிரிக்கக் கரையில் செயுத்தா, மெலிய்யா என்னும் இரண்டு தன்னாட்சி நகரங்களும் உள்ளன.

தொழில் செய்பவருக்கு இதன் பொருள் வரியில் உடனே தெரியும். பாஸ்க் பகுதியின் மூன்று மாகாணங்களும் தத்தம் வரித்துறையைத் தாமே நடத்துகின்றன. வசூலித்த பணத்திலிருந்து மத்திய அரசுக்கு ஒரு பங்கை அளிக்கின்றன. நவார்ராவுக்கும் இதைப் போன்ற தனி ஏற்பாடு உண்டு. நாட்டின் பெரும்பகுதியில் நிறுவனங்களின் பொதுவான வருமான வரி 25 விழுக்காடு என்றால், பாஸ்க் பகுதியில் அது 24 விழுக்காடு. பொருள்கள் மீதான மதிப்புக் கூட்டு வரி 21 விழுக்காடு என்று கணக்கிட்டு வைத்திருப்பவர் கேனரித் தீவுகளில் கடை திறந்தால், அங்கே அந்த வரியே நடைமுறையில் இல்லை. அதற்குப் பதிலாக, பொது விகிதம் 7 விழுக்காடு கொண்ட வேறொரு வரி இருக்கிறது. கடைகள் திறந்திருக்கும் நேரமும் இப்படித்தான். மாட்ரிட் பகுதி 2012இல் நேரக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டது. கட்டலோனியாவில் ஞாயிற்றுக்கிழமை வணிகத்துக்குக் கட்டுப்பாடுகள் தொடர்கின்றன. ஊதியத்தையும் வேலை நேரத்தையும் தீர்மானிக்கும், தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தங்கள் தொழில்வாரியாகவும், பல தொழில்களில் மாகாணவாரியாகவும் மாறுபடுவதால், ஆள் எடுப்பதற்கு முன் எந்த ஒப்பந்தம் உங்களுக்குப் பொருந்தும் என்று கேட்டறிவது கட்டாயம். கோடையிலும் கிறிஸ்துமஸிலும் வழங்கும் கூடுதல் ஊதியம் இரண்டும் சட்டப்படியான உரிமை. அது முதலாளி விரும்பிக் கொடுக்கும் போனஸ் அன்று.

மக்களோடு பழகுவதிலும் இந்தப் பகுதி உணர்வு உயிரோடிருக்கிறது. பார்சிலோனாவில் ஒரு வணிகர் தம் ஊழியரிடம் கட்டலான் மொழியில் பேசுவது உங்களைத் தவிர்ப்பதற்காக அன்று; அது அவர் வீட்டு மொழி. கட்டலோனியாவின் பிரிவினைக் கோரிக்கை பற்றி விருந்தினராக வந்தவர் கருத்துச் சொல்லாமலிருப்பது நல்லது. 2017 அக்டோபர் வாக்கெடுப்பை ஒட்டிப் பல பெரிய நிறுவனங்கள் தம் பதிவு அலுவலகத்தை அங்கிருந்து வெளியே மாற்றிக்கொண்ட அளவுக்கு அது ஆழமான விஷயம். மதிய உணவு இரண்டு மணிக்குமேல் தொடங்கி நீளும். அங்கே விலைப் பேச்சை முதலில் எடுக்காமல் மனிதரை அறிந்துகொள்ள நேரம் கொடுங்கள்.

நிறுவனப் பதிவுக்கு வருவோம். நம் ஊரில் நோட்டரி என்றால் முத்திரை வைத்துச் சான்றளிப்பவர் என்ற அளவில்தான் பலர் அறிவர். ஸ்பெயினில் நோட்டரியோ கடினமான அரசுத் தேர்வில் தேறி அமர்த்தப்படும் சட்ட வல்லுநர். நிறுவனத்தின் தொடக்கப் பத்திரம் அவர் முன்னிலையில்தான் கையெழுத்தாகும், பிறகே வணிகப் பதிவேட்டுக்குப் போகும். 2022ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு ஒரு யூரோ மூலதனத்துடனும் வரையறுக்கப்பட்ட நிறுவனம் தொடங்கலாம் என்றாலும், ஆவணச் சரிபார்ப்பில் தளர்வு இல்லை. நீங்கள் நேரில் போகாமல், உங்கள் சார்பில் கையெழுத்திட ஒருவருக்கு உரிமை தரும் அதிகாரப் பத்திரத்தை இந்தியாவிலிருந்து அனுப்பினால், அதற்கு ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் சான்றும், அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் ஸ்பானிய மொழிபெயர்ப்பும் வேண்டும். தமிழர்களுக்கு இதில் தனியான சிக்கல் ஒன்று உண்டு. ஸ்பானியர்கள் பொதுவாக இரண்டு குடும்பப் பெயர் கொண்டவர்கள். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடமே காலியாக இருக்கும், அல்லது தந்தை பெயர் ஓர் ஆவணத்தில் முதலெழுத்தாகவும் இன்னொன்றில் முழுமையாகவும் இருக்கும். வெளிநாட்டவர் அடையாள எண், வங்கிக் கணக்கு, அதிகாரப் பத்திரம் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கும்படி தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது அரசின் மின்னணு அறிவிப்புகளைப் பற்றி. 2015ஆம் ஆண்டின் 39ஆம் எண் சட்டப்படி, நிறுவனங்கள் அரசோடு மின்னணு வழியில்தான் தொடர்புகொள்ள வேண்டும். வரித்துறையின் அறிவிப்பு உங்கள் மின்னணுப் பெட்டியில் வைக்கப்பட்டு 10 நாட்களுக்குள் நீங்கள் திறக்காவிட்டால், அதை நீங்கள் மறுத்துவிட்டதாகச் சட்டம் கொள்ளும். பதில் தருவதற்கான கெடுவும் ஓடத் தொடங்கிவிடும். கடிதம் வரவில்லை, மொழி புரியவில்லை என்ற விளக்கங்கள் அங்கே எடுபடா. ஆகஸ்ட் மாதம் முழுவதும் நீதிமன்றக் கெடுக்கள் பெரும்பாலும் நிறுத்தி வைக்கப்படுவதையும், பாதி நகரம் விடுமுறையில் போய்விடுவதையும் பார்த்து அரசு அலுவலகங்களுக்கும் அதே சலுகை உண்டென்று நினைப்பவர்கள் இதில் சிக்கிக்கொள்கிறார்கள். நிர்வாக நடைமுறையில் ஆகஸ்ட் வேலை மாதமே. ஆனால் மத்திய வரித்துறை ஒரு வசதி தருகிறது: ஆண்டுக்கு 30 நாட்கள்வரை தனக்கு அறிவிப்பு வைக்க வேண்டாம் என்று நிறுவனமே நாட்களைத் தேர்ந்து குறிக்கலாம், குறைந்தது 7 நாட்கள் முன்னதாகக் குறித்துவிட வேண்டும். உங்கள் கணக்காளர் ஆகஸ்டில் எந்தத் தேதியில் விடுமுறை போகிறார் என்று ஜூலையிலேயே கேட்டு, அதே நாட்களை அங்கே குறித்து வைக்கச் சொல்லுங்கள்.