நிறுத்துவதற்கும் சான்று வேண்டும்: முதியோர் மருத்துவத்தில் ஒரு புதிய ஆய்வுத்துறை

மருந்து கொடுப்பதற்குச் சான்று கேட்கும் மருத்துவம், கொடுத்துவந்த மருந்தை எப்போது நிறுத்தலாம் என்ற கேள்வியை நெடுங்காலம் ஆராயாமல் விட்டிருந்தது. அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டு தொடங்கிய ‘சூசிங் வைஸ்லி’ என்னும் இயக்கம், பலன் ஐயத்துக்குரியதாக இருந்தும் வழக்கமாகச் செய்யப்படும் சோதனைகளையும் சிகிச்சைகளையும் ஒவ்வொரு மருத்துவச் சங்கமும் தானே பட்டியலிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. மறதிநோய் முற்றியவர்களுக்குக் குழாய் வழியே உணவு செலுத்துவதும், தூக்கமின்மைக்கு முதல் தேர்வாக, மூளையை அமைதிப்படுத்தும் பென்சோடயசெபைன் வகை மாத்திரை தருவதும் முதியோர் மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் பட்டியலை வெளியிட்டதால் மட்டும் மருத்துவர்களின் பழக்கம் பெரிதாக மாறிவிடவில்லை.

ஐம்பது வயதில் பயன் தரும் ஒரு சோதனை எண்பதில் ஏன் பயனற்றுப் போகிறது என்பதைப் புரிந்துகொள்ள, பலன் கிடைக்க எடுக்கும் காலத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். 1000 பேருக்குப் பெருங்குடல் புற்றுநோய்ச் சோதனை செய்தால், அதனால் ஒரு மரணம் தவிர்க்கப்பட ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆகின்றன என்று 2013இல் வெளியான ஒரு பகுப்பாய்வு காட்டியது. மார்பகப் புற்றுநோய்ச் சோதனைக்கும் கணக்கு ஏறக்குறைய அதுவே. தீங்குக்கோ இத்தகைய காத்திருப்பு கிடையாது. குடலைக் காலி செய்யக் குடிக்கும் மருந்தால் உடலில் நீர் வற்றுவதும், கருவி பட்டு இரத்தம் கசிவதும் அந்த வாரத்திலேயே நேரக்கூடியவை. ஆகவே இன்னும் சில ஆண்டுகளே வாழக்கூடிய ஒருவருக்குத் தீங்கு மட்டுமே பங்காக வந்து சேர்கிறது. இதற்கு வயது மட்டும் அளவுகோல் அல்ல. நலமாக நடமாடும் 78 வயதுக்காரருக்கு எஞ்சியிருக்கும் காலம், இதயம் பலவீனமான 70 வயதுக்காரருக்கு இருப்பதைவிட அதிகமாக இருக்கலாம்.

சிறுநீர்ச் சோதனையின் கதை வேறு வகையானது. வயதான பெண்கள் பலருக்கு நோய் எதுவும் இல்லாமலேயே சிறுநீரில் பாக்டீரியா இருக்கும். சோர்வு என்றோ தடுமாற்றம் என்றோ சொல்லிச் சோதித்தால் முடிவு பாசிட்டிவ் என வரும். வந்தபின் ஆன்டிபயாடிக் எழுதாமல் இருக்க மிகுந்த மனத்துணிவு வேண்டும். எனவே இங்கே தடுக்க வேண்டிய இடம் சிகிச்சை அல்ல, சோதனைதான் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அது சரியென்றே எனக்கும் படுகிறது.

மருத்துவர் அறியாமையால் இவற்றைச் செய்கிறார் என்று கருதுவது எளிது. உண்மையில், தவறவிட்ட ஒரு புற்றுநோய்க்காக அவர் பழி சுமப்பார். தேவையின்றிச் செய்த சோதனைக்காக அவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 மருத்துவ நிலையங்களில் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வு, இந்தச் சமமின்மையையே குறிவைத்தது. 76 வயதோ அதற்கு மேலோ ஆன ஆணுக்குப் புராஸ்டேட் புற்றுநோய்க்கான பிஎஸ்ஏ சோதனையை மருத்துவர் கணினியில் பதிவு செய்தால், அதன் தீங்குகளை நினைவூட்டி, காரணத்தை எழுதக் கேட்கும் ஒரு பெட்டி திரையில் தோன்றியது. எழுதிய காரணம் மருத்துவப் பதிவேட்டில் மற்றவர்கள் பார்க்கும்படி நிலைக்கும். காரணமற்ற சிறுநீர்ச் சோதனைக்கும், முதியவரின் சர்க்கரையை அளவுக்கு மீறிக் குறைக்கும் மிகைச் சிகிச்சைக்கும் இதே போன்ற நினைவூட்டல்கள் இருந்தன. பயிற்சி மட்டும் பெற்ற மருத்துவர்களோடு ஒப்பிடுகையில், 18 மாதங்களில் 100 பேருக்குப் பிஎஸ்ஏ சோதனை ஏறத்தாழ 9உம், காரணமற்ற சிறுநீர்ச் சோதனை 5 முதல் 6உம், மிகைப்பட்ட சர்க்கரைநோய் சிகிச்சை 1 முதல் 2உம் கூடுதலாகக் குறைந்தன.

நோயாளியின் பக்கமிருந்து தொடங்கிய முயற்சி கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்தது. பென்சோடயசெபைன் மாத்திரையை நெடுநாளாக உட்கொண்ட முதியவர்களிடம், அதன் அபாயங்களையும் அளவைப் பல வாரங்களில் படிப்படியாகக் குறைக்கும் முறையையும் விளக்கும் கையேடு ஒன்றை ஆய்வாளர் காரா டானன்பாமின் குழு கொடுத்தது. ஆறு மாதங்களில் 27 சதவீதத்தினர் அதை முற்றிலும் விட்டிருந்தார்கள். கையேடு பெறாதோரில் 5 சதவீதமே. பின்னர், மருந்தாளுநரும் மருத்துவருக்குத் தம் கருத்தை எழுதி அனுப்பும்படி அமைத்து, முதியவர்களுக்கு ஒவ்வாத வேறு சில மருந்துகளையும் சேர்த்து நடத்திய மற்றோர் ஆய்வில், மருந்தை நிறுத்தியோர் 43 சதவீதமாகவும், ஒப்பீட்டுக் குழுவில் 12 சதவீதமாகவும் இருந்தனர்.

இத்தகைய ஆய்வுகளுக்குப் பணம் எங்கிருந்து வரும்? தன் மருந்தை நிறுத்திப் பார்க்கும் ஆய்வுக்கு எந்த மருந்து நிறுவனமும் ஆர்வத்தோடு முன்வராது. ஆகையால் அமெரிக்காவில் தேசிய முதுமையியல் நிறுவனத்தின் பொதுநிதியே முக்கிய ஆதாரமாக உள்ளது. அதன் கே24 என்னும் உதவித்தொகை, இடைநிலை அனுபவமுள்ள மருத்துவ ஆய்வாளர் ஒருவரின் வேலைநேரத்தில் கால் முதல் அரைப் பங்கு வரை விடுவித்து, அந்நேரத்தைத் தம் ஆய்வுக்கும் இளம் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டவும் செலவிட வைக்கிறது. 2019இல் அதே நிறுவனத்தின் ஆதரவில் உருவான மருந்துக் குறைப்பு ஆய்வு வலையமைப்பும், தொடக்கநிலை ஆய்வாளர்களைப் பயிற்றுவிப்பதைத் தன் வேலைகளுள் ஒன்றாகக் கொண்டது.

வழிகாட்டல் இங்கே வெறும் உபசாரம் அல்ல. முதியோர் மருத்துவம், புள்ளியியல், மின்னணுப் பதிவேடு, முடிவெடுக்கும் உளவியல் ஆகியவற்றை ஒரே இளைஞர் எந்தப் பாடத்திட்டத்திலும் சேர்த்துக் கற்பதில்லை. எத்தனை மாத்திரைகள் குறைந்தன என்று எண்ணி முடித்துக்கொள்ளும் அவசரத்தையும் அனுபவமுள்ளவர்தான் தடுக்க வேண்டும். விழுதல், மருத்துவமனைச் சேர்க்கை, திரும்பி வந்த நோய் ஆகியவற்றையும் எண்ணுவது என்று ஆய்வு தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். சிகாகோ ஆய்வில் இது வெறும் எச்சரிக்கையாக நிற்கவில்லை: முன்பு மிகையாகச் சர்க்கரைநோய் சிகிச்சை பெற்றவர்களுள் சிலருக்கு, கடந்த சில மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 9 சதவீதத்தைத் தாண்டியது. குறைக்க வேண்டிய மருந்து சிலரிடம் வேண்டிய அளவுக்குக் கீழே போயிருக்கக்கூடும் என்பது, அதை அளந்து பார்த்ததால்தான் தெரியவந்தது.