பவளத்துக்கு 'மன அழுத்தம்' வருமா? ஸ்ட்ரெஸ் – சொல் விளக்கம்

கடல்நீர் சூடேறும் ஆண்டுகளில் நம் செய்திகளில் இந்த வாக்கியம் தவறாமல் தலைகாட்டும்: "வெப்பநிலை உயர்வால் பவளப்பாறைகள் கடும் மன அழுத்தத்திற்கு ஆளாகியுள்ளன." பவளத்தின் உடலில் நரம்பு வலை உண்டு, மூளை கிடையாது. மனம் எங்கிருந்து வந்தது? ஆங்கில மூலத்தில் 'ஸ்ட்ரெஸ்' என்று இருந்திருக்கும். அகராதியில் முதலில் அகப்பட்டதை எடுத்து ஒட்டியாயிற்று. விவரம் தெரிந்தவர்கள் 'மன'வை மட்டும் வெட்டிவிட்டு 'வெப்ப அழுத்தம்' என்று எழுதுகிறார்கள். அது இன்னும் மோசம். முன்னது சிரிப்பை வரவழைப்பதோடு போய்விடும். பின்னது சரிபோலத் தோன்றிப் பொருளைக் கெடுக்கும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இறுக்கிக் கட்டுதல் என்ற பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பொறியியலார் எடுத்துக்கொண்டு, சுமை ஏறிய பொருளுக்குள் ஓர் அலகுப் பரப்பில் எழும் விசையைக் குறித்தார்கள். பிறகு உயிரியலுக்குக் கொண்டுவந்தவர் மொன்ட்ரியாலில் பணிபுரிந்த ஹான்ஸ் ஸெல்யே. குளிர், காயம், நஞ்சு என எது தாக்கினாலும் எலிகளின் உடல் ஒரே மாதிரி எதிர்வினை காட்டுவதை 1936-இல் வெளியிட்டார். அந்த எதிர்வினைக்குத்தான் பின்னர் 'ஸ்ட்ரெஸ்' என்று பெயர். அதைக் கிளப்பிவிடும் காரணம் 'ஸ்ட்ரெஸர்'. ஆக, பொறியியலில் காரணத்தின் பக்கம் நின்ற சொல் உயிரியலில் விளைவின் பக்கம் தாவிவிட்டது. அப்போது ஆங்கிலம் இன்னும் நன்றாகத் தெரிந்திருந்தால் 'ஸ்ட்ரெய்ன்' (விசையின் விளைவாகப் பொருளில் ஏற்படும் திரிபு) என்ற சொல்லையே எடுத்திருப்பேன் என்று ஸெல்யேயே பின்னாளில் சொன்னதுண்டு.

இனி 'அழுத்தம்'. வேறு துறையில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம்; கடலுக்குள் முடியாது. அங்கே அழுத்தம் என்பது அன்றாடம் அளக்கும் பொருள். பத்து மீட்டர் இறங்கினால் நீரழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. முக்குளிப்பாளரின் காற்றுக் கலன் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தோடு இறங்கும். 50 பாரைத் தொடுமுன் மேலே வரவேண்டும். இதே முக்குளிப்பாளரின் பதிவுத் தாளில் "அழுத்தம்: மிதம் / கடுமை" என்று ஒரு கட்டம் இருந்தால் அவர் எதை எழுதுவார்? மலாய் அறிவியல் வழக்கு இந்தக் குழப்பத்தை எப்போதோ தீர்த்துவிட்டது. அதில் அழுத்தத்துக்குத் தெக்கானான், ஸ்ட்ரெஸுக்குத் தெகாசான். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அந்த இரண்டு சொற்களோடு படித்து வளர்ந்தவர்கள்தான் தமிழில் எழுதும்போது இரண்டையும் ஒரே பானையில் கொட்டுகிறார்கள். 'சுற்றுச்சூழல் அழுத்திகள்' என்ற ஆக்கமும் உலவுகிறது. விசைப்பலகையின் பொத்தான்களைப் பற்றிப் பேசுகிறார்களோ என்று நினைக்க வைக்கும்.

தூய தமிழ் அன்பர்கள் கையில் எடுப்பது 'தகைவு'. தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்களில் ஸ்ட்ரெஸுக்குத் தகைவு, ஸ்ட்ரெய்னுக்குத் திரிபு என்று நிலைத்துவிட்டன. எஃகுக் கம்பிக்கு அது பொருத்தமான சொல். அதில் எனக்குச் சண்டை இல்லை. 'வெப்பத் தகைவு', 'சூழல் தகைவி' என்று பவளத்துக்கு இழுத்துவரும்போதுதான் சிக்கல். தகை என்றால் தடுத்தல், கட்டுதல் என்ற பொருள் உண்டு என்பது உண்மை. ஆனால் வாசகரின் காதில் தகைமையும் தகைசால் சான்றோரும்தான் ஒலிப்பார்கள். 'பவளத்தின் தகைவு உயர்ந்துள்ளது' என்று எழுதிப் பாருங்கள்: பாராட்டு விழா நடத்தலாம்போல இருக்கும்.

ஒலிப் பொருத்தத்தை விட்டுவிடலாம். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று பதில் வரும். பழக்கம் தீர்க்காத குறை வேறொன்று உண்டு: அலகு. தகைவுக்குப் பாஸ்கல் என்று அலகு இருக்கிறது, நீட்சி தாளாமல் கம்பி அறும் புள்ளியும் இருக்கிறது. பவளத்துக்கு ஏற்படுவதை யாரும் பாஸ்கலில் அளப்பதில்லை. ஒரு பவளத்தின் 'தகைவு' எவ்வளவு என்று கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். வெப்பத்தை ஓர் அலகில் அளக்கிறார்கள், வண்டலை இன்னொன்றில், உடலின் தளர்ச்சியை அலகே இல்லாத ஒரு விகிதத்தில். முதலிரண்டும் தாக்கும் காரணங்கள், மூன்றாவது தாக்குண்ட நிலை. இரு பக்கத்தையும் பிரித்துக் காட்டாத சொல் அளவீட்டுக்கு உதவாது.

என் தேர்வு நலிவு. பழைய வழக்கில் நலிதல் இருபுறமும் செல்லும்: உடல் நலிந்தது என்றால் தளர்ந்தது, நோய் நலிந்தது என்றால் நோய் வருத்தியது. இன்றைக்கும் 'நலிந்த பிரிவினர்' என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. எதிர்ச்சொல்லும் கையோடு வருகிறது: பவள நலம், பவள நலிவு. ஸ்ட்ரெஸருக்கு நலிவூட்டி. அதிலிருந்து மீள்வதற்குத் தேறுதல். காய்ச்சலில் கிடந்தவர் தேறிவிட்டார் என்று நாம் சொல்லும் அதே சொல்.

நலிவு என்றால் கெட்டே போய்விட்டது என்று ஆகாதா என்பார்கள். ஆகாது. அளப்பவர்கள் தேடுவதே மடிவதற்கு முந்திய அந்தத் தளர்ச்சியைத்தான். பவளத்தின் திசுவுக்குள் ஒற்றைச்செல் பாசிகள் வாழ்ந்து, ஒளிச்சேர்க்கையால் அதற்கு உணவூட்டுகின்றன. நீர் அளவுமீறிச் சூடானால் முதலில் பழுதாவது அந்தப் பாசியின் ஒளிச்சேர்க்கை. அதை ஒளிர்மானியால் பிடிக்கலாம். பவளத்தின்மேல் வெளிச்சம் படாமல் இருபது நிமிடமாவது மூடிவைத்து, பிறகு ஒளித்துடிப்பு கொடுத்து, வாங்கிய ஒளியில் எத்தனை பங்கைப் பாசியால் பயன்படுத்த முடிகிறது என்ற விகிதத்தைப் பார்ப்பார்கள். நலமான பவளத்தில் பொதுவாக 0.6-க்கும் 0.7-க்கும் இடையே இருக்கும். நண்பகலில் அளந்தால் வெயிலாலேயே எண் இறங்கிக் காட்டும். பொழுது சாய்ந்தபின் அளப்பதே நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, கருவி சொல்வது பாசியின் நலிவை, பவள விலங்கின் நலிவை அல்ல. நலிவு முற்றினால் பவளம் பாசியை இழந்து வெளிறும். அதைக் கண்ணால் அளக்க, கருவி இல்லாதவர்களுக்குக் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய வண்ண அட்டை இருக்கிறது. ஒவ்வொரு சாயலுக்கும் 1 முதல் 6 வரை படிகள். பவளத்துக்குப் பக்கத்திலேயே பிடித்து, மிக வெளிர்ந்த இடம், மிக அடர்ந்த இடம் என இரண்டு எண் குறிக்கவேண்டும். கிளைப் பவளத்தின் நுனியை எடுக்கக்கூடாது. வளரும் நுனி இயல்பாகவே வெள்ளை.

நலிவூட்டிகளின் பக்கம் வந்தால், மலாக்கா நீரிணையில் வண்டலை விட்டுவிட்டுப் பேச முடியாது. மலேசியக் கரையோரத்துப் பாயார் தீவுக்கோ கெண்டித் தீவுக்கோ போனவர்களுக்கு அந்தக் கலங்கல் தெரியும். வண்டலைப் பிடிக்க பிவிசி குழாய்களைச் செங்குத்தாகக் கட்டுவார்கள். உயரம் விட்டத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கவேண்டும். குட்டையாக இருந்தால் விழுந்ததை நீரோட்டம் மறுபடி அள்ளிக்கொண்டு போகும். சேர்ந்ததை வடிகட்டி, நன்னீரில் அலசி, உலர்த்தி நிறுப்பார்கள். அலசாமல் விட்டால் உப்பும் சேர்ந்து நிறை கூடிவிடும். அளவு ஒரு நாளைக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும். அடியிலிருந்து கிளம்பி மீண்டும் படிவதையும் குழாய் பிடித்துக்கொள்ளும் என்பதால், அதைப் புதிதாக வந்த மண்ணின் கணக்காகக் கொள்ளக்கூடாது.

வெப்பத்துக்கு அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா தரும் கணக்கை இயந்திரம் மொழிபெயர்த்தால் 'பட்டம் வெப்ப வாரங்கள்' என்று வருகிறது. யார் வாங்கிய பட்டம்? டிகிரிக்குப் பாகை என்று சொல் இருக்கும்போது இந்தக் கூத்து. 'சூட்டு வாரம்' என்றாலே போதும். ஓரிடத்தில் மிகச் சூடான மாதத்தின் சராசரி 30 பாகை என்று வைத்துக்கொள்வோம். நீர் 31-ஐ எட்டினால்தான் கணக்கில் சேரும். ஒரு பாகை மிகை நான்கு வாரம் நீடித்தாலும், இரண்டு பாகை மிகை இரண்டு வாரம் நீடித்தாலும் நான்கு சூட்டு வாரம்தான். பன்னிரண்டு வாரத்தைத் திரட்டிக் கூட்டுவார்கள். நான்கில் வெளிறலை எதிர்பார்க்கலாம், எட்டில் மடிவையும். இதைப் போய் 'வெப்ப அழுத்தம் 8' என்று எழுதுகிறவர்களை என்ன செய்வது? செயற்கைக்கோள் பார்ப்பது கடலின் மேல்தோலை; பவளம் கிடக்கும் ஆழத்தில் வெப்பப் பதிவி வைத்து ஒப்பிட்டால்தான் கணக்கு முழுமை பெறும். ஆழம் குறைந்த இடத்தில் பதிவியை வெயில் படும்படி கட்டினால் அது தன் சூட்டையே பதிந்துகொண்டிருக்கும்.

2010-இல் கடல் சூடேறிப் பவளம் வெளிறியபோது, மலேசியாவின் பாயார், ரெடாங், தியோமான் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்கள் மூடப்பட்டன. கடலைக் குளிர்விக்க யாராலும் முடியாது. மனிதர் தரும் நலிவூட்டியையாவது நிறுத்தினால் பவளம் தேறும் என்ற கணக்கு அது. 'அழுத்தத்தைக் குறைக்க மூடினர்' என்று எழுதினால் இந்தக் காரணம் வாசகருக்குப் புரியுமா?

எல்லாவற்றுக்கும் நலிவு என்று போட்டுவிடவும் கூடாது. நங்கூரம் விழுந்து உடைந்தால் அது சிதைவு. பவளத்தை உண்ணும் முட்கிரீட நட்சத்திர மீன் தின்றால் அது தின்றதுதான். வெளிறலை 'பவளம் இறந்தது' என்று எழுதுவது இன்னொரு தொற்றுநோய். வெளிறிய பவளத்தில் கண்ணாடிபோன்ற திசு வெள்ளை எலும்பின்மேல் இன்னும் போர்த்தியிருக்கும். உற்றுப் பார்த்தால் பவள மொட்டின் உணர்கொம்புகள் தெரியும். மடிந்ததில் திசு இருக்காது, சில நாளில் பாசி படியத் தொடங்கும். முக்குளிப்பாளர்கள் பவளப்பாறையைக் கணக்கெடுக்கும் ரீஃப் செக் முறையில் அரை மீட்டருக்கு ஒரு புள்ளியாக 160 புள்ளிகளைப் பதியும்போது, வெளிறியது உயிருள்ள கடினப் பவளம் என்ற கட்டத்தில்தான் சேரும். அண்மையில் மடிந்ததற்குத் தனிக் கட்டம் உண்டு. தமிழில் படிவம் அச்சிடுகிறவர்கள் இந்த இரண்டு கட்டத்தின் தலைப்பையாவது அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை சரிபார்க்கட்டும்.