லிஃப்டைப் பிடித்து நிற்பவரும் தொண்டூழியர்தான்

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடுகள்) புளோக்கின் கீழ்த்தளம், ஞாயிற்றுக்கிழமை காலை. இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்திக் காப்பாற்றும் சிபிஆர் முறையை முப்பது பேருக்குச் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். வழக்கமாக நான் கேட்கும் முதல் கேள்வியைக் கேட்டேன்: "இங்கே ஏஇடி கருவி எங்கே இருக்கிறது?" நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி அது. ஒருவர் சமூக மன்றத்தில் என்றார். இன்னொருவர் எம்ஆர்டி நிலையத்தில் என்றார். தரையைக் கூட்டிக்கொண்டிருந்த துப்புரவு ஊழியர் துடைப்பத்தை நிறுத்திவிட்டு லிஃப்ட் பக்கம் கையைக் காட்டினார். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பத்தடிகூட இருக்காது. அந்தப் பெட்டியின் தூசியைத் துடைப்பவர் அவர்தானாம்.

நான் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதி. இதயம் நின்றுபோய்க் கொண்டுவரப்படுபவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். எங்களிடம் மருந்து உண்டு, கருவி உண்டு, ஆள் உண்டு. ஆனால் அவர் பிழைப்பாரா என்பது பெரும்பாலும் எங்கள் வாசலுக்கு வருவதற்கு முன்பே, அவர் வீட்டு வரவேற்பறையிலேயே முடிவாகிவிடுகிறது.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு 3,000க்கும் மேற்பட்டோருக்கு மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோகிறது. அதில் பெரும்பாலானவை வீட்டில் நடப்பவை. நெஞ்சை அழுத்தாமல், மின்னதிர்ச்சி கொடுக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கிறது. நான்கைந்து நிமிடத்தில் மூளை பாதிக்கத் தொடங்கிவிடும். குடிமைத் தற்காப்புப் படையின் ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் சாலை, கார்ப்பேட்டை, லிஃப்ட் எல்லாவற்றையும் தாண்டித்தான் உங்கள் கதவுக்கு வர வேண்டும். இந்தியர்களுக்கு இதய நோய் அதிகம் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். தீபாவளி விருந்தில் ரெண்டாவது பிளேட் பிரியாணி எடுக்கும்போதே அதைப் பேசுகிறவர்கள் நாம்.

அந்த நிமிடங்களில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? குடும்பத்தாரிடம் விசாரிக்கும்போது திரும்பத் திரும்ப ஒரே கதைதான். முகத்தில் தண்ணீர் தெளித்தோம். தைலம் தேய்த்தோம். வாயில் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினோம். முதல் போன் ஜூரோங்கில் இருக்கும் மகனுக்கு, இரண்டாவது மருமகளுக்கு, மூன்றாவதுதான் ஆம்புலன்சை அழைக்கும் 995. அப்புறம் இன்னொன்று: "குறட்டை விட்டார் சிஸ்டர், தூங்குகிறார் என்று நினைத்தோம்." அது குறட்டை இல்லை. இதயம் நின்ற பிறகும் சிலருக்கு விட்டு விட்டு ஒரு இழுப்பு வரும், தொண்டையிலிருந்து கரகரவென்று. ஆளைத் தட்டிக் கூப்பிட்டு அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால், அந்த இழுப்பை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

முதல் போன் 995க்குத்தான். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்கள். எடுப்பவர் நிறையக் கேள்வி கேட்பார். "முதலில் வண்டியை அனுப்புங்கள்" என்று கத்தத் தோன்றும். உங்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டியை அனுப்பும் வேலையும் நடக்கும். நெஞ்சை எங்கே, எப்படி அழுத்துவது என்பதையும் அவரே படிப்படியாகச் சொல்வார். தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டி பகலில் தனியாக இருக்கும் வீடுகளில் புளோக் எண், மாடி எண், வீட்டு எண் மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்லப் பழக்கிவிடுங்கள். என் அம்மாவுக்காகக் குளிர்ப்பெட்டிக் கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன், ஆங்கில உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். பணிப்பெண்ணுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். பல வீடுகளில் தாத்தா விழும்போது பக்கத்தில் இருப்பவர் அவர் மட்டும்தான்.

மெத்தையில் வைத்து அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். ஆளைத் தரைக்கு இறக்குங்கள். நெஞ்சின் நடுவே இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சுமார் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. விலா எலும்பு 'டக்' என்று விடலாம். அந்தச் சத்தம் கேட்டுக் கையை எடுத்தவர்களை எனக்குத் தெரியும். எடுக்காதீர்கள், எலும்பு பிறகு கூடிவிடும்.

பெண்கள் விழுந்தால் தயக்கம் இன்னும் கூடுகிறது. ஒரு வகுப்பில் சேலை கட்டிய அம்மா ஒருவர் எல்லாரும் போகும்வரை காத்திருந்து மெதுவாகக் கேட்டார்: "ரவிக்கையை என்ன செய்வது? தாலி இருக்குமே?" இப்படி ஒரு கேள்வியை நான் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் பார்த்ததில்லை, நம் வீடுகளுக்கு இதைவிட முக்கியமான கேள்வியும் இல்லை. ஏஇடியின் ஒட்டுப்பட்டைகள் வெறும் தோலில் ஒட்ட வேண்டும்: ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே. அதனால் ரவிக்கையை வெட்டத்தான் வேண்டும். பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு சேலையையோ துண்டையோ விரித்து மறைத்துப் பிடிக்கலாம். தாலியைக் கழற்ற வேண்டியதில்லை. பட்டைக்கு அடியில் சிக்காதபடி கொடியை ஒதுக்கிவிட்டால் போதும். கருவியை இயக்க உங்களுக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டாம், அதுவே பேசும். அதிர்ச்சி தேவையில்லாதவருக்கு அது அதிர்ச்சி கொடுக்காது.

குடிமைத் தற்காப்புப் படை 2015ல் 'மைரெஸ்பாண்டர்' செயலியைக் கொண்டுவந்தது. அதைப் போனில் வைத்திருந்தால், உங்களைச் சுற்றி 400 மீட்டருக்குள் ஒருவருக்கு இதயம் நின்றால் தகவல் வரும்; பக்கத்தில் ஏஇடி எங்கே என்றும் காட்டும். குப்பைக் குழாயில் பிடிக்கும் தீ போன்ற சிறு தீச்சம்பவங்களுக்கும் அழைப்பு வரும். வீவக குடியிருப்புகளில் இரண்டு புளோக்குக்கு ஒரு ஏஇடி என்ற கணக்கில் வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் கீழ்த்தள லிஃப்ட் அருகே. உங்கள் புளோக்கில் இல்லையென்றால் பக்கத்து புளோக்கில் பாருங்கள்.

அந்த ஈசூன் வகுப்பில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். "மிஸ்ஸி, எனக்கு ரெண்டு முட்டியும் போச்சு. மண்டி போட முடியாது. நான் எதுக்கு வந்தேன்னே தெரியல" என்றார். அவரிடம் கேட்டேன்: ஆம்புலன்ஸ் குழு தள்ளுகட்டிலோடு கீழே வந்து நிற்கும்போது லிஃப்ட் பதினோராவது மாடியில் இருந்தால்? அவர் சிரித்தார். அன்று அவருக்குக் கொடுத்த வேலை அதுதான்: கீழ்த்தளத்தில் லிஃப்டின் திறப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டு நிற்பது. இன்னொருவர் கார்ப்பேட்டை நுழைவாயிலில் நின்று கையசைத்து வழிகாட்டலாம். இன்னொருவர் ஏஇடியை எடுத்து ஓடலாம். தொண்டூழியம் என்றால் சீருடை, சான்றிதழ், வாராவாரம் கூட்டம் என்று நினைத்து ஒதுங்குகிறவர்கள் நிறைய. அதெல்லாம் வேண்டுமென்றாலும் இருக்கிறது. படையின் துணைப்பிரிவில் சேர்ந்து ஆம்புலன்சிலேயே பணியாற்றுகிறவர்கள் உண்டு. நான் முதலில் தேடுவது லிஃப்டைப் பிடிக்கும் ஆளைத்தான்.

தாழ்வாரத்தையும் பாருங்கள். ஆள் நடக்கவும் தள்ளுகட்டில் போகவும் குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். செருப்பு அலமாரி, சைக்கிள், துளசித் தொட்டி, தீபாவளிக்கு வாங்கிய கோலப்பலகை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து வழி சுருங்கிவிடுகிறது. துளசியை யாரும் தூக்கிப்போடச் சொல்லவில்லை, சுவரோரம் நகர்த்தினால் போதும். மின்ஸ்கூட்டரை வாசலுக்கு அருகே வைத்து இரவு முழுக்கச் சார்ஜ் போடும் பழக்கம் மட்டும் எனக்குப் பயம்தான். தீப்பிடித்தால் வெளியேறும் வழியே போய்விடும்.

கற்றுக்கொள்ள சிங்கப்பூர் இதய அறநிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கமும் வகுப்புகள் நடத்துகின்றன. 'டேர்' என்ற சுருக்கமான பயிற்சியும் உண்டு: 995ஐ அழைப்பது, நெஞ்சை அழுத்துவது, ஏஇடியை இயக்குவது. உயிருக்கு ஆபத்தில்லாத பயணத்துக்கு ஆம்புலன்ஸ் வேண்டுமென்றால் 1777.

சில மாதம் கழித்து அதே புளோக்குக்குப் போனபோது முட்டிவலிக்காரர் என்னைத் தேடி வந்தார். நாலாவது மாடியில் ஒருவர் விழுந்தாராம். இவர் இறங்கி வந்து லிஃப்டைப் பிடித்து நின்றிருக்கிறார். "கொண்டுபோகும்போது மூச்சு இருந்துச்சு, மிஸ்ஸி" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. அப்புறம் குரலை உயர்த்தி, ஏஇடி பெட்டியின் மேல் யாரோ டியூஷன் விளம்பரத்தை ஒட்டிவிட்டதாகவும் நகர மன்றத்துக்கு இரண்டு முறை போன் போட்டுவிட்டதாகவும் புகார் சொல்லத் தொடங்கினார்.