கதவு நிலையில் பென்சில் கோடு

ஐந்தாம் வகுப்புப் பையன். வயது பத்து, உயரம் 138 சென்டிமீட்டர், எடை 41 கிலோ. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பெரியப்பாவிலிருந்து பக்கத்து இலைக்காரர் வரை ஆளுக்கொரு வார்த்தை: "என்னடா, இப்படி ஊதிட்டே?" பாட்டி மட்டும், "வளர்ற பிள்ளை, கண்ணு வைக்காதீங்க" என்று இன்னொரு ஜாங்கிரியை இலையில் வைக்கச் சொல்வார். வீடு திரும்பும் வழியிலேயே அம்மா முடிவு செய்துவிடுவார்: நாளையிலிருந்து ராத்திரி இரண்டு சப்பாத்தி, அவ்வளவுதான்.

இவர்களில் பாட்டியின் பேச்சில்தான் கொஞ்சம் அறிவியல் இருக்கிறது. ஜாங்கிரியில் இல்லை, 'வளர்ற பிள்ளை' என்பதில்.

பி.எம்.ஐ. என்கிற உடல் நிறைக் குறியீட்டின் கணக்கு பலருக்கும் தெரிந்ததுதான். கிலோவில் எடையை எடுத்து, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். நம் பையனுக்கு 41-ஐ 1.38-ஆல் இருமுறை வகுத்தால் 21.5 வரும். பெரியவருக்கு இது நல்ல எண். பத்து வயதுப் பையனுக்கு அப்படியில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி அந்த வயதில் 18.5-ஐத் தாண்டினால் அதிக எடை, 21.4-ஐத் தாண்டினால் உடல் பருமன். ஆக, பையன் பருமனுக்கான கோட்டை இப்போதுதான் தாண்டியிருக்கிறான்.

சரி, இரண்டு வருடம் கழித்துப் பார்ப்போம். வயது 12, உயரம் 150 சென்டிமீட்டர், எடை அதே 41 கிலோ என்று வைத்துக்கொண்டால் பி.எம்.ஐ. 18.2. பன்னிரண்டு வயதில் அதிக எடைக்கான கோடு 19.9. பையன் அதற்குக் கீழே வந்துவிட்டான், ஒரு கிலோகூட இறங்காமலே. வகுத்தலில் மேலே இருக்கும் எண்ணான எடை அசையவில்லை. கீழே இருக்கும் எண்ணான உயரம் வளர்ந்தது, அதுவும் வர்க்கமாக.

பெரியவர்களுக்கு இந்த வசதி கிடையாது. நம் உயரம் என்றோ நின்றுவிட்டது, எடையைக் குறைத்தால்தான் உண்டு. பிள்ளைகள் பருவமடைவதற்கு முன் ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்கிறார்கள். அப்புறம் ஒரு பாய்ச்சல் வரும். பெண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதையொட்டியும், பையன்களுக்குப் பதினான்கையொட்டியும் அது உச்சத்துக்குப் போகும்போது ஆண்டுக்கு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர்கூட உயரலாம். அதனால்தான் இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் எடையைக் குறைக்கச் சொல்வதில்லை, ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பருமன் அதிகமுள்ள பிள்ளைக்குக் குறைத்தாக வேண்டும் என்றால், அதை மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். ஆறிலிருந்து பதினொரு வயது வரை மாதம் அரைக் கிலோ என்பதே வழக்கமான வேகம்.

எடையை நிறுத்தி வைப்பதைச் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். பத்துப் பன்னிரண்டு வயதில் ஆண்டுக்கு மூன்று நான்கு கிலோ ஏறுவதுதான் இயல்பு. எலும்பும் தசையும் வளர்ந்துகொண்டே இருக்கும்போது தராசு முள் நிற்கிறதென்றால், உள்ளே கொழுப்பு கரைகிறது என்று அர்த்தம். முள்ளைப் பார்த்து "ஒண்ணும் குறையலையே" என்று அம்மா கவலைப்படுகிற அதே மாதத்தில் வேலை ஒழுங்காக நடந்துகொண்டிருக்கலாம்.

பட்டினி போட்டால் என்ன ஆகும்? உடம்பு கொழுப்பை மட்டும் எடுத்துச் செலவழிக்காது, தசையிலும் கை வைக்கும். பற்றாக்குறை நீடித்தால் உயரத்துக்கான செலவையும் குறைத்துக்கொள்ளும், அதாவது நமக்கு உதவ வந்த கீழெண்ணையே நாம் நிறுத்திவிடுகிறோம். வளர்ச்சிப் பாய்ச்சலைச் சுற்றியுள்ள இரண்டு ஆண்டுகளில் மட்டும், பெரியவரின் எலும்புத் தாதுவில் ஏறக்குறைய கால் பங்கு சேர்கிறது. அந்த நேரத்தில் பால், பருப்பு, முட்டையைக் குறைத்தால் பின்னால் ஈடுகட்டுவது கஷ்டம். போதாக்குறைக்கு, அமெரிக்காவில் 9 முதல் 14 வயது வரையுள்ள ஏறக்குறைய 15,000 பிள்ளைகளைக் கவனித்து 2003-இல் வெளியான ஆய்வில், 'டயட்' இருந்த பிள்ளைகள் இல்லாதவர்களைவிட அதிகமாகவே எடை போட்டிருந்தார்கள்.

அதற்காக, "வளர்ந்தா சரியாயிடும்" என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் முடியாது. நம் உடம்பில் கொழுப்புச் செல்களின் எண்ணிக்கை பிள்ளைப் பருவத்திலும் அதையடுத்த சில ஆண்டுகளிலும்தான் பெரும்பாலும் முடிவாகிறது. இதைக் கண்டுபிடித்த விதம் வேடிக்கையானது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் திறந்தவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கூடியது. அது செடி வழியாக உணவுக்கும், உணவு வழியாக மனித டி.என்.ஏ.வுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த முத்திரையைப் படித்து, கொழுப்புச் செல்கள் எப்போது பிறந்தவை என்று சுவீடன் ஆய்வாளர்கள் 2008-இல் கணக்குப் போட்டார்கள். பெரியவர்களின் கொழுப்புச் செல்களில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இறந்து, அதே அளவு புதிதாகப் பிறக்கிறது. எண்ணிக்கை மாறுவதில்லை. இளைத்தாலும் செல்கள் சுருங்கும், குறையாது.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் யுட்கினும் 2004-இல் தங்கள் படத்தையே 'லான்செட்' மருத்துவ இதழில் போட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். அதே எண்ணுக்குள் இந்திய உடம்பு அதிகக் கொழுப்பை ஒளித்து வைத்துக்கொள்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் வெளியிட்ட அட்டவணை, பெரியவர்களின் அதிக எடைக்கும் பருமனுக்கும் உரிய 25, 30-க்குப் பதிலாக 23, 27 என்ற இறுக்கமான கோடுகளை, பிள்ளையின் வயதுக்கேற்ப இறக்கிக்கொண்டு அளப்பது இதனால்தான்.

கழுத்தையும் பார்க்க வேண்டும். பையனின் பிடரியில் கருப்பாக, தொட்டால் வெல்வெட் துணி மாதிரி மெத்தென்று ஒரு பட்டை இருக்கும். அழுக்கென்று நினைத்து அம்மா பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பார், கடலை மாவு போடுவார், பையன் கத்துவான். அது அழுக்கே இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது உடம்பு அதை மேலும் மேலும் சுரக்கிறது. மிஞ்சிய இன்சுலின் தோல் செல்களைத் தூண்டிப் பெருக்குவதால் வரும் நிறம் அது. தேய்த்தால் தோல் புண்ணாகும், பட்டை போகாது. அதைப் பார்த்தால் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும். தூக்கத்தில் பலமான குறட்டை விட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். குண்டான பிள்ளை முழங்கால் வலி என்று நொண்டினால் இடுப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலை நழுவும்போது வலி முழங்காலில் தெரிவதுண்டு. அதைத் தள்ளிப்போடக் கூடாது.

"தைராய்டு பாத்தீங்களா?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். அதற்கு முதல் பதில், பையனின் உயரத்தைக் கதவு நிலையில் குறித்து வரும் பென்சில் கோட்டிலேயே இருக்கிறது. அதிகம் சாப்பிட்டுப் பருமனான பிள்ளை பெரும்பாலும் சம வயதுப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் உயரமாகத்தான் இருக்கும். தைராய்டு குறைவோ வேறு ஹார்மோன் கோளாறோ இருந்தால் உயரம் நின்றுபோகும். எடை ஏறிக்கொண்டே போய், பென்சில் கோடு மட்டும் ஏறவில்லை என்றால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

சரி, வீட்டில் என்ன செய்வது? இஸ்ரேலில் மோரியா கோலான் குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 6 முதல் 11 வயது வரை பருமனான 60 பிள்ளைகள். ஒரு பாதியில் பிள்ளைகளுக்கே வகுப்பு எடுத்தார்கள். மறு பாதியில் பிள்ளைகளைக் கூப்பிடவே இல்லை, பெற்றோர்களுக்கு மட்டும் வகுப்பு. இளைத்ததில் இரண்டாவது பாதிதான் முந்தியது, ஏழு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அப்படியே இருந்தது. யோசித்தால் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. மளிகைப் பட்டியல் எழுதுவது பத்து வயதுப் பையனா?

அதனால் மாற வேண்டியது வீடு, அப்பாவும் சேர்த்து. அண்ணனுக்கு பஃப்ஸ், தம்பிக்கு வெள்ளரிக்காய் என்றால் தம்பி வேறெங்காவது பஃப்ஸைத் தேடிக்கொள்வான். அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே மாதிரியான பழ பிஸ்கட் இரண்டு வகை. ஒன்றைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், இன்னொன்றைக் கண்ணாடி ஜாடியில் எதிரிலேயே வைத்துக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் திறந்தார்கள். ஜாடிப் பண்டத்தின் மேல்தான் பிள்ளைகளின் கண், பேச்சு எல்லாம். வீட்டில் பூட்டி வைப்பதைவிட வாங்காமல் விடுவது நல்லது.

முதலில் கை வைக்க வேண்டியது குடிக்கிற சர்க்கரையில். கால் லிட்டர் குளிர்பானத்தில் ஏறக்குறைய 26 கிராம் சர்க்கரை இருக்கிறது. 10 முதல் 12 வயதுப் பையனுக்கு ஒரு நாள் தேவை 2,220 கலோரி என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.). அதில் சேர்க்கும் சர்க்கரை ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது சுமார் 28 கிராம். ஒரு பாட்டிலோடு அது தீர்ந்துவிடும், வயிறோ நிறைந்திருக்காது. பாலில் கலக்கும் சத்துமாவு டப்பாவின் பின்பக்கத்தையும் படியுங்கள். இவற்றை 'ஹெல்த் டிரிங்க்' பட்டியலில் வைக்க வேண்டாம் என்று மத்திய அரசே 2024 ஏப்ரலில் இணைய வணிகத் தளங்களுக்குச் சொன்னது.

அடுத்து, ட்யூஷனுக்கு முந்தைய மாலை நாலரை மணி. பையன் பசியோடு வருவான், அப்போது கண்ணில் படுவதுதான் வாய்க்குள் போகும். அது சுண்டலாகவோ அவித்த வேர்க்கடலையாகவோ இருக்கட்டும். தட்டில் முதலில் பொரியல், அப்புறம் சோறு. எதைச் சமைப்பது, எப்போது போடுவது என்பது உங்கள் முடிவு, எவ்வளவு போதும் என்பதை அவனிடம் விட்டுவிடலாம். டி.வி. முன்னால் மட்டும் தட்டை வைக்காதீர்கள், வயிறு சொல்வது காதில் விழாது. தினம் ஒரு மணி நேரம் ஓட்டம், விளையாட்டு, சைக்கிள். ராத்திரி ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம், ஏனென்றால் தூக்கம் குறைந்தால் பசி கூடும். பந்தியில் யாராவது "குண்டா" என்றால் பேச்சை மாற்றுகிற வேலையும் உங்களுடையதே.

எடையைத் தினமும் பார்க்க வேண்டாம், மாதம் ஒரு முறை போதும். உயரத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. செருப்பில்லாமல் குதிகால் கதவு நிலையில் பட நிற்க வைத்து, தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சமமாக வைத்துக் கோடு போடுங்கள். ஒரு தடவை காலையிலும் அடுத்த தடவை ராத்திரியிலும் அளக்காதீர்கள். நாள் முழுக்க நின்றும் உட்கார்ந்தும் முதுகெலும்பின் வட்டுகள் அழுந்துவதால், சாயங்காலத்தில் எல்லோருமே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குட்டையாகிவிடுகிறோம்.