ஊமத்தம் பூவை அறுத்த கை

பதினொன்றாம் வகுப்பில் சொலானேசி என்ற தாவரக் குடும்பத்தை நடத்தும் வாரம், கெடிலம் ஆற்றங்கரையிலிருந்து ஊமத்தம் பூ பறித்து வரச் சொல்வேன். பாடநூல் விளக்கும் செடியும் அதுதான். பூ பெரிது, பிளேடால் கீறிக் காட்டினால் கடைசி பெஞ்சுக்கும் தெரியும். ஐந்து அல்லிகள் இணைந்து புனலாக நிற்பதும், ஐந்து மகரந்தத்தாள்கள் அதன் உட்புறம் ஒட்டியிருப்பதும் படம் இல்லாமலே புரிந்துவிடும். பூவின் அடியில் விதை உருவாகும் சூற்பையைக் குறுக்கே வெட்டும்போதுதான் வம்பு. நான்கு அறை தெரியும். "நாலு சூலக இலையா சார்?" இல்லை, சூற்பையை உருவாக்கும் அந்த இலை போன்ற உறுப்பு இரண்டுதான், நடுவில் போலிச் சுவர் எழும்பி நான்காக்குகிறது என்று விளக்குவதற்குள் பாதி பீரியட் போய்விடும்.

அப்படிப் போன ஒரு பீரியடில், வெட்டிய கையாலேயே ஒரு மாணவி கண்ணைக் கசக்கியிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. மதியம், "எழுத்து மங்கலாத் தெரியுது சார்" என்று வந்து நின்றாள். வலி இல்லை, சிவப்பும் இல்லை. இடது கண்மணி மிளகளவு; வலது கண்மணி கிட்டத்தட்ட சுண்டைக்காய். மருத்துவமனையில் முதல் கேள்வியே, தலையில் அடிபட்டதா என்பதுதான். ஒரு கண்மணி மட்டும் விரிந்தால் மூளையைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். ஊமத்தை என்று நான் வாயைத் திறக்கும்வரை ஸ்கேன் பேச்சுத்தான்.

ஊமத்தையில் வேர் முதல் விதை வரை அட்ரோபின், ஸ்கோபாலமின் என்ற நச்சுப் பொருள்கள் உண்டு. கண்மணியை விரிக்கக் கண் மருத்துவர் விடும் சொட்டு மருந்துகளில் அட்ரோபினும் ஒன்று. கண்ணில் பட்டது சில நாளில் சரியாகிவிடும். விதையை விழுங்கினால் கதை வேறு: வாய் உலரும், நெஞ்சு படபடக்கும், பிதற்றல் வரும், உயிரே போகலாம்.

இப்போது கையுறை இல்லாமல் ஊமத்தையைத் தொட விடுவதில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் பென்சிலை எடுக்க வேண்டும். சின்ன வகுப்புக்குக் கத்தரிப்பூ போதும். அதுவும் இதே குடும்பம்தானே. ஊமத்தைச் சாறு கண்ணில் பட்டால் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, செடியின் கிளை ஒன்றையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.

அப்புறம், பிள்ளைகளைப் படகில் கூட்டிப் போகும் பிச்சாவரம் அலையாத்திக் காடு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரம் அங்கே ஏராளம். ஆண் பூ ஒரு மரத்தில், பெண் பூ வேறு மரத்தில். ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையில் பிள்ளைகள் கிளையை ஒடிக்கப் போவார்கள். ஒடித்த இடத்தில் வடியும் பால் ஊமத்தையைப் போல மதியம்வரை காத்திருக்காது. கண்ணில் பட்டதும் எரியும், பார்வையே மறையும். ஒடிக்க விடுவதில்லை. இருந்தாலும் படகில் இரண்டு கேன் நல்ல தண்ணீர் கூடுதலாக ஏற்றிக்கொள்கிறேன். உப்பங்கழித் தண்ணீரில் கண்ணைக் கழுவ முடியுமா?