மூன்று எண்களும் ஒரே ஆளுடையவை

விண்ணப்பப் படிவத்தில் 'எச்-இன்டெக்ஸ்' என்று ஒரே ஒரு கட்டம். பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கவிருந்த கணினி அறிவியல் உதவிப் பேராசிரியை ஒருவர் அந்தப் படிவத்தோடு எங்கள் நூலகத்துக்கு வந்தார். "சார், கூகுள் ஸ்காலரில் 14, ஸ்கோபஸில் 9, வெப் ஆஃப் சயன்ஸில் 5 என்று காட்டுகிறது. எதை எழுதுவது?" கேட்டாரே, அதுவே பெரிது. பலர் கேட்காமல் பெரிய எண்ணை எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எச்-இன்டெக்ஸ் 14 என்றால், அவருடைய 14 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 14 முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு. கணக்கு எளிது, ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் இந்த மூன்று தளங்களும் எதை எண்ணுகின்றன என்பதில்தான் வில்லங்கம். ஆய்வேடு, இதழில் வருமுன் இணையத்தில் போடும் முன்வரைவு, எங்கோ ஒரு கல்லூரித் தளத்தில் கிடக்கும் பிடிஎஃப் என்று கூகுள் ஸ்காலர் அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொள்ளும். ஸ்கோபஸ், தான் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களையும் மாநாட்டுத் தொகுதிகளையும் மட்டும் எண்ணும். வெப் ஆஃப் சயன்ஸ் ஆய்விதழ்களில் கெட்டி, மாநாடுகளில் மெலிவு.

கணினி அறிவியல்காரர்களுக்கு அடி விழுவது அந்த மெலிவில்தான். பல துறைகளில் மாநாடு என்றால் போய்ப் பேசிவிட்டு வருகிற இடம். இவர்களுக்கோ நியூரிப்ஸ், சிவிபிஆர், ஸ்டாக் போன்ற மாநாடுகள்தாம் முதல் வாசல். அங்கே வந்து சேரும் கட்டுரைகளில் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும். கணினித் துறையினரை எடைபோடும்போது இதை மனத்தில் கொள்ள வேண்டும் என்று அமெரிக்கக் கணினி ஆய்வுச் சங்கம் 1999இலேயே ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆனாலும் வேறு துறைப் பேராசிரியர் ஒருவர் தேர்வுக் குழுவில் இருந்தால், "மாநாடு சரி, ஆய்விதழ் எங்கே?" என்ற கேள்வி இன்றும் வரும்.

கூகுள் எண்ணை ஏமாற்றுவதும் எளிது. எம்ஐடி மாணவர்கள் 2005இல் உருவாக்கிய சைஜென் என்ற நிரல், பொருளற்ற கணினி அறிவியல் கட்டுரைகளைத் தானாகவே எழுதித் தள்ளும். பிரான்சின் கிரனோபிளைச் சேர்ந்த ஆய்வாளர் சிரில் லபே 2010இல் அதைக் கொண்டு நூறு போலிக் கட்டுரைகள் செய்து, ஒன்றையொன்று மேற்கோள் காட்டவைத்து, 'ஐக் அன்ட்கேர்' என்ற இல்லாத விஞ்ஞானிக்கு கூகுள் ஸ்காலரில் 94 என்ற எச்-இன்டெக்ஸ் வாங்கிக் கொடுத்தார். (அந்தப் பெயரை ஆங்கில உச்சரிப்பில் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், 'ஐ கான்ட் கேர்' என்று கேட்கும்.)

நம்மவர்களுக்கு இன்னொரு தொல்லை, பெயர். குடும்பப் பெயரையும் முதற்பெயரையும் எதிர்பார்த்துச் செய்யப்பட்ட தரவுத்தளங்களில் நாம் தலைப்பெழுத்தோடு போய் நிற்கிறோம். எஸ். லட்சுமி, லட்சுமி எஸ்., திருமணத்துக்குப் பிறகு தலைப்பெழுத்து மாறி லட்சுமி ஆர். மூவரும் ஒருவரே என்று கணினிக்கு யார் சொல்வது? வந்திருந்த பேராசிரியைக்கு ஸ்கோபஸில் இரண்டு பக்கங்கள் இருந்தன. 9 என்பது அவற்றில் பெரியதன் எண். கூகுளில் நேர்மாறு. கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் வசதியை அவர் அணைக்காமல் விட்டிருந்ததால், அதே பெயர் கொண்ட ஒருவரின் இறால் வளர்ப்புக் கட்டுரைகள் அவர் கணக்கில் ஏறியிருந்தன. அவருக்கே அது தெரியாது. நேர்காணலில் யாராவது கவனித்திருந்தால் மோசடி என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஆகவே, முனைவர் பட்ட மாணவர்களிடம் முதல் வாரத்திலேயே ஆர்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண்ணை வாங்கச் சொல்கிறேன். 16 இலக்கம், இலவசம், கல்லூரி மாறினாலும் தலைப்பெழுத்து மாறினாலும் கூடவே வரும். கணினித் துறையினர் டிபிஎல்பியையும் பார்த்துவிடுவது நல்லது. ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் 1993இல் தொடங்கிய, கணினி அறிவியல் கட்டுரைகளின் பட்டியல் அது. மேற்கோள் எண்ணிக்கையைக் கொண்டு யாரையும் வரிசைப்படுத்தாது. ஒரே பெயர்க்காரர்களை நான்கு இலக்க எண் கொடுத்துப் பிரித்து வைக்கும்.

துறைக்குள் துறையையும் கவனிக்க வேண்டும். சாட்ஜிபிடி போன்றவற்றுக்கு அடிப்படையான 'டிரான்ஸ்ஃபார்மர்' என்ற செயற்கை நுண்ணறிவு வடிவமைப்பை அறிமுகப்படுத்திய 2017ஆம் ஆண்டுக் கட்டுரை கூகுள் ஸ்காலரில் ஒரு லட்சம் மேற்கோள்களைத் தாண்டிவிட்டது. ஓர் எண் பகா எண்ணா என்று, தற்செயலையோ நிரூபிக்கப்படாத ஊகத்தையோ நம்பாமல், விரைவாகக் கண்டறியும் வழியை 2002இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா மூவரும் கண்டார்கள். காலங்காலமாகத் திறந்து கிடந்த கேள்வி அது. 2006இல் கோட்பாட்டுக் கணினி அறிவியலுக்கான கோடல் பரிசும் வந்தது. மேற்கோள் எண்ணிக்கையில் மட்டும் டிரான்ஸ்ஃபார்மரின் பக்கத்தில்கூட அது நிற்காது. கயலும் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்தார்கள். அன்று அவர்களிடம் எச்-இன்டெக்ஸ் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

எண் மட்டுமே பேசும் இடத்தில் எண்ணை விற்பவனும் வந்துவிடுகிறான். 'ஸ்கோபஸ் கட்டுரை, இரண்டாம் ஆசிரியர் இடம் காலி' என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை மாணவர்கள் என்னிடம் காட்டுகிறார்கள். வாங்காதீர்கள். அந்த ஆய்விதழ் நாளை பட்டியலிலிருந்து நீக்கப்படலாம், கட்டுரையே திரும்பப் பெறப்படலாம். அப்போதும் உங்கள் பெயர் இணையத்தில் அதோடு ஒட்டிக்கொண்டே இருக்கும்.

பேராசிரியையின் கதைக்கு வருகிறேன். ஸ்கோபஸுக்கு எழுதி இரண்டு பக்கங்களையும் இணைத்தோம். 9 என்பது 11 ஆனது. கூகுளில் இறால்களை நீக்கினோம். 14 என்பது 12 ஆனது. படிவத்தில் '11, ஸ்கோபஸ்' என்று தேதியோடு எழுதினார். தன் கட்டுரைகளில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றும் எதைத் தீர்த்தது என்று இரண்டிரண்டு வரி எழுதித் தனித் தாளில் இணைத்தார். படிவத்தில் அதற்கு இடமில்லை. குண்டூசி குத்திக் கொடுத்தோம்.